ஆலை முதலாளிகளுக்கும் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும்: உங்கள் கேண்டீனில் வைட்டமின் டி-க்கு இடம் கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் நூற்பாலையும் பனியன் கம்பெனியும் நடத்துகிற முதலாளிமார்களுக்கும், ஹாஸ்டல், கேண்டீன் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கமுங்க.

பல்லடம் பக்கம் மருந்துக் கடை நடத்துகிற மருந்தாளுநர் நான். என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் வருவார்கள். டைலர், செக்கிங், கைமடி, ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் உண்டு. "இடுப்பு கடுக்குதுங்க்கா", "காலெல்லாம் ஒளையுது, எதாவது சத்து மாத்திரை குடுங்க" என்பார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் படியேறும்போது தொடை வலிக்கிறது என்கிறாள். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்கிறாள். வலி மாத்திரையும் தைலமும் வாங்கிக்கொண்டு போய் அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வருகிறாள்.

இந்த வலி எல்லாவற்றுக்கும் வைட்டமின் டி குறைவுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பத்து மணி நேரம் நின்றால் யாருக்கும் கால் வலிக்கும். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு எல்லாமே அசதியைக் கொடுக்கும். ஆனால் எலும்பும் தசையும் இப்படி வலிப்பதற்கு டி குறைவு ஒரு முக்கியமான காரணம். உங்கள் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு அது வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் இந்த மடலை டாக்டர்களுக்கோ அரசாங்கத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தப் பெண்களின் அம்மாக்கள் கடலை பிடுங்கினார்கள், பருத்தி எடுத்தார்கள், மஞ்சள் காட்டில் களை வெட்டினார்கள். உழைப்பு கடுமைதான். ஆனால் வெயில் அவர்கள் தோலில் பட்டது. நம் உடம்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யில் பெரும்பங்கு அப்படித்தான் வருகிறது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். மகள் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போகிறாள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வருகிறாள். மில் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு அந்த அளவு கூடக் கிடையாது. ஹாஸ்டலும் மில்லும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கும். நூல் அறுந்துவிடாமல் இருக்க ஈரப்பதம் காக்க வேண்டும் என்று ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும். கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்தாலும் பயனில்லை. புற ஊதா பி கதிரைக் கண்ணாடி உள்ளே விடாது.

ஆண்டு முழுக்க வெயில் காயும் நாட்டில் இந்தக் குறைபாடா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தியாவில் வடக்கிலும் தெற்கிலும் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இது பரவலாகத் தெரிந்திருக்கிறது. நம்மைப் போலவே வெயில் கொளுத்துகிற திருப்பதி பக்கத்தில் நடந்த ஆய்வில், கிராமத்தில் இருப்பவர்களை விட நகரத்தில் இருப்பவர்களின் ரத்தத்தில் டி குறைவாக இருந்தது. ஊரில் வெயில் இருந்தால் போதாது, அது ஆளின் மேல் பட வேண்டும். நம் தோல் கறுப்பு என்பதால் வெள்ளைக்காரர்களை விட அதிக நேரமும் பட வேண்டும்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 1888-இல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது பஞ்சுதான். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இங்கிலாந்தின் புகை மூடிய தொழில் நகரங்களில் 19-ஆம் நூற்றாண்டில் குழந்தைகளுக்குக் கால் வளைந்து போனதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ரிக்கெட்ஸ் என்ற அந்த நோய் வெயில் குறைந்த இடங்களில்தான் வருகிறது என்று தியோபால்ட் பாம் என்ற மருத்துவர் 1890-இல் எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், புற ஊதா விளக்கு வெளிச்சத்தைக் காட்டியே அந்த நோய் வந்த குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்ற ஆய்வாளர், வீட்டுக்குள்ளேயே வளர்த்த நாய்களுக்கு ரிக்கெட்ஸ் வருவதையும், காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தால் அது வராமல் இருப்பதையும் கண்டார். அந்த எண்ணெயில் இருந்த சத்துக்கு 1922-இல் மெக்கல்லம் என்ற அமெரிக்க விஞ்ஞானி வைத்த பெயர்தான் வைட்டமின் டி. வெயிலால் கிடைக்காததைச் சாப்பாட்டால் கொடுக்கலாம் என்பது தெரிந்து நூறு வருடம் ஆகிவிட்டது.

வெளிநாட்டு உதாரணம் கூட வேண்டாம். நாமக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே லட்சக்கணக்கான கோழிகள் கொட்டகைக்குள்ளேயே வாழ்கின்றன. அவற்றின் மேலும் வெயில் படுவதில்லை. பண்ணைக்காரர் என்ன செய்கிறார்? தீவனத்தில் கல்லும் கிளிஞ்சலும் போட்டுச் சும்மா இருந்துவிடுவதில்லை. வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி3 சேர்ந்த சத்துக் கலவையையும் (பிரீமிக்ஸ்) அளந்து கலக்கிறார். டி3 இல்லாவிட்டால் கோழி தின்ற சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, ஓடு மெலிந்து தோல்முட்டை விழும், கோழியின் கால் எலும்பும் வலுவிழக்கும் என்று அவருக்குத் தெரியும். வெயில் படாத கூரைக்குக் கீழே ஓர் உயிரை வைத்தால் வெயில் கொடுப்பதை நாம்தான் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு நம் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. அதே கணக்கை உங்கள் ஷெட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கும் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சாப்பாட்டுப் பக்கம் வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், அதாவது 15 மைக்ரோகிராம் டி வேண்டும். நம் சாப்பாட்டில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். அரிசிம்பருப்பில் கிடையாது. கொள்ளுப் பருப்பில் கிடையாது. கீரை, காய், பழம் எதிலும் கிடையாது. "எங்க ஹாஸ்டல்ல ராகிக் களி போடறோம், முருங்கைக்கீரை போடறோம்" என்று ஒரு வார்டன் அம்மா என்னிடம் சொன்னார். அது நல்ல சாப்பாடு, நிறுத்திவிடாதீர்கள். ராகியில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ஆனால் அந்தக் கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்ச வேண்டுமானால் டி வேண்டும். அந்த டி ராகியில் இல்லை.

இயற்கையாக டி இருக்கும் பொருள்கள் கொஞ்சம்தான். முட்டையின் மஞ்சள் கரு அதில் ஒன்று. ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட் கிடைக்கும். மஞ்சள் கருவை எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தின்றால் இந்தச் சத்து போய்விடும். அப்புறம் எண்ணெய்ச் சத்துள்ள கடல் மீன். நாம் கடலை விட்டுத் தள்ளி இருக்கிறோம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அணை மீனும் ஏரி மீனும். ஆனால் கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குக் கேரளத்து மத்தியும் அயிலையும் வருகின்றன. விலை குறைந்த மீன்களில் மத்தி மிக நல்லது. வாரம் ஒரு நாள் கோழிக் குழம்புக்குப் பதிலாக மத்திக் குழம்பு வைத்தால் அன்றைக்கு ஒரு நாளாவது நல்ல அளவு டி உள்ளே போகும். அசைவம் சாப்பிடாதவர்களுக்குக் காளான் இருக்கிறது. அதிலும் ஒரு விஷயம் உண்டு. இருட்டறையில் வளர்ந்த காளானில் டி மிகக் குறைவு. அதை நறுக்கி உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் பரப்பி வைத்தால் அதுவே டி2 என்ற இன்னொரு வகை டி-யைத் தயாரித்துக்கொள்ளும். கேண்டீன் மொட்டை மாடியில் செய்யக்கூடிய வேலைதான்.

அடுத்தது செறிவூட்டிய பாலும் எண்ணெயும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் டி இருக்க வேண்டும். செறிவூட்டிய எண்ணெயில் ஒரு கிராமுக்கு 4.4 முதல் 6.4 யூனிட். பாக்கெட்டில் நீல நிற '+எஃப்' முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பண்ணையிலிருந்து நேராக வரும் கறந்த பாலும் செக்கு எண்ணெயும் தரமானவைதான், எனக்கும் அவைதான் பிடிக்கும். ஆனால் அவற்றில் இந்தச் சத்து சேர்க்கப்படுவதில்லை. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் இடத்தில் செறிவூட்டியதை வாங்குவதே சரி என்பது என் முடிவு.

இப்போது கூட்டிப் பார்ப்போம். நாளுக்கு இரண்டு முட்டை 80 யூனிட். 200 மில்லி செறிவூட்டிய பால் 40 முதல் 60. சமையலில் சேரும் 20 கிராம் செறிவூட்டிய எண்ணெயில் 90 முதல் 130 வரை. மொத்தம் 210-லிருந்து 270. நல்ல கேண்டீன் நடத்தினாலே பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. இதனால்தான் "நாங்க முட்டை போடறமே" என்று யாராவது சொன்னால் எனக்குத் திருப்தி வருவதில்லை. மிச்சம் வெயிலிலிருந்து வர வேண்டும், அல்லது மாத்திரையிலிருந்து வர வேண்டும்.

வெயில் விஷயத்தில் தவறான பேச்சு ஒன்று ஊரெல்லாம் பரவியிருக்கிறது. காலை இளவெயிலில் நின்றால் டி கிடைக்கும் என்கிறார்கள். ஆறரை, ஏழு மணி வெயிலில் புற ஊதா பி கதிர் மிகக் குறைவு. மேனிக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நம் நிழல் நம் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அந்தக் கதிர் போதிய அளவு இறங்கும். நம் ஊரில் மார்கழியில் கூடப் பத்தரை மணிக்கு மேல் அது அமைந்துவிடுகிறது. பத்தரை, பதினொன்று என்பது பல கம்பெனிகளில் டீ நேரம். அந்த டீயை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மொட்டை மாடியையோ பின்பக்க முற்றத்தையோ திறந்து விடுங்கள். முகமும் முன்னங்கையும் பாதமும் வெயிலில் பட, வாரத்தில் நான்கைந்து நாள் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். தோல் எரியும் வரை நிற்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மதிய வெயிலில் யாரையும் நிறுத்தாதீர்கள். அந்த மாதங்களில் காலை டீ நேரமே போதும். ஓரமாக நிழலும் குடிதண்ணீரும் இருக்கட்டும்.

உற்பத்தி கெடும் என்பீர்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன் வேண்டும் என்றது. ஓய்வும் கேண்டீனும் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. அவற்றை எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன பொருள் வைத்து நடத்துகிறீர்கள் என்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஜாப் வொர்க் எடுக்கும் சின்னப் பட்டறைகளில் கேண்டீன் இருக்காது. ஆட்கள் டீக்கடையில் பன்னும் போண்டாவும் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அப்படிப்பட்ட பட்டறைகள் ஒரே தெருவில் பத்து இருந்தால், பத்தும் சேர்ந்து பதினொரு மணிக்கு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்க முடியாதா?

மாத்திரை பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்கிற காரியமே இங்கே கெடுதலாகிவிடுகிறது. ஒரு மில்லில் முகாம் நடந்தது. எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், குறைவு என்று வந்தவர்களுக்கு எட்டு மாத்திரை உள்ள அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் 60,000 யூனிட். வாரத்துக்கு ஒன்று என்று யாரும் விளக்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பெண் தினமும் இரவில் ஒன்றாகச் சாப்பிட்டு, தீர்ந்ததும் அதே அட்டையை என்னிடம் காட்டி இன்னொன்று கேட்டாள். 60,000 யூனிட் என்பது நூறு நாளுக்கு வேண்டிய அளவு. ஒரு வாரத்தில் அவள் உள்ளே தள்ளியது இரண்டு வருடக் கணக்கு. அவளை உடனே டாக்டரிடம் அனுப்பினேன்.

வைட்டமின் சி போல இது சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் போவது என்று ஆரம்பித்து, சிறுநீரகத்தில் கல், சிறுநீரகப் பழுது வரை போகலாம். டாக்டர் பார்வையில் இல்லாமல் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் தொடர்ந்து எடுக்கக் கூடாது. வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்று டாக்டர்கள் எழுதுவது, குறைபாடு உறுதியானவர்களுக்கான சிகிச்சை. ஏற்கெனவே கல் இருக்கிறவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், காசநோய் உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அளவு மாறும்.

அதனால் எல்லோருக்கும் மொத்தமாக ரத்தப் பரிசோதனை, எல்லோருக்கும் 60,000 என்ற வழிக்குப் போகாதீர்கள். 2024-இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சோதனைக்குச் செலவாகும் பணத்தை முட்டையிலும் பாலிலும் போடுங்கள். வெயிலே கிடைக்காத ஷிப்டில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர்களுக்கு, தினமும் 400 யூனிட் உள்ள சின்ன மாத்திரையைக் கம்பெனி டாக்டரின் ஒப்புதலோடு கேண்டீனிலேயே மதியச் சாப்பாட்டோடு கொடுக்கலாம். கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். தொடர்ந்து எலும்பு வலி, எழுந்திருக்கச் சிரமம் என்று சொல்கிறவர்களை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் அனுப்புங்கள். பரிசோதனையும் பெரிய அளவு மாத்திரையும் அவர்களுக்கு அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். அனுப்பும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். சம்பளம் போகும் என்ற பயத்தில்தான் அவர்கள் டாக்டரிடம் போகாமல் என் கடைக்கு வருகிறார்கள்.

மாத்திரை கொடுக்கும் இடத்தில் 'தினமும்', 'வாரம் ஒன்று' என்று தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை வாங்கும் பிள்ளைகள் அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக டீயோடு விழுங்குகிறார்கள். கால்சியம் இரும்பைச் சேரவிடாது, டீயும் விடாது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிப் பெண்களைத் தனியாகக் கவனியுங்கள். நான்காம் மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை, 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் டி3-யும் உள்ள மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை சாப்பிட வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கலாம், அதற்கு அரை நாள் விடுப்பு வேண்டும். பிறக்கும் குழந்தைக்கும் முதல் வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து வேண்டும், தாய்ப்பாலில் டி மிகக் குறைவு. கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒற்றை அறைக்குள் வளரும் குழந்தைகளுக்கு இதை யார் ஞாபகப்படுத்துகிறார்கள்?

உங்கள் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கு வயது பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள். ஏறக்குறைய முப்பது வயது வரைதான் எலும்பு கெட்டிப்படும். அதன் பிறகு சேர்த்ததைக் காப்பாற்றத்தான் முடியும். அவர்கள் இங்கே இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, நகைக்கும் தம்பி படிப்புக்கும் பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். எலும்பு தேய்ந்து இடுப்பு முறியும் அறுபது வயதில் அவர்கள் உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கமாட்டார்கள். ஆனால் அந்த எலும்பு உறுதியாக வேண்டிய வருடங்களை உங்களிடம்தான் கழித்தார்கள். எனக்கு இதுதான் ஆற்றாமை.

வெளிநாட்டு பையர் ஆடிட் வருகிறது என்றால் தீயணைப்புக் கருவியிலிருந்து கழிவறை சோப்பு வரை ஒரே வாரத்தில் சரிசெய்கிறவர்கள் நீங்கள். அந்தத் திறமையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த கேண்டீன் ஒப்பந்தம் போடும்போது, '+எஃப்' முத்திரையுள்ள பாலும் எண்ணெயும், நாளுக்கு இரண்டு முழு முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வெயிலில் வைத்த காளானும் கூடுதலாக ஒரு டம்ளர் பாலும் என்று எழுதிச் சேருங்கள். டீ நேரத்துக்கு மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்யுங்கள். மாத்திரை அட்டவணை போடவும், ஒட்டுவதற்கான குறிப்பு எழுதவும், ஹாஸ்டலுக்கு வந்து பிள்ளைகளிடம் பேசவும் நான் தயார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடை அடைத்திருக்கும். எந்த மில்லுக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்து மருந்தாளுநர் ஒருத்தி